மேலே ஒண்ணும் இல்லை

“மேலே ஒண்ணும் இல்லைம்மா. எல்லாம் மூடித்தான் இருக்கு.”

2019 அக்டோபரில் இதை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் கேட்டுக்கொண்டு போனவர் ஒரே பெண்மணி. மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர். தோளில் ஒரு பை, பைக்குள் டார்ச் லைட், ஒரு கரண்டி, அபேட் மருந்து பாட்டில். வாரத்துக்கு ஒருமுறை எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி, தண்ணீர்த் தொட்டி, பக்கெட், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த மூடி என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார். கீழே குடியிருக்கிறவர்கள் வீட்டில் பார்த்து முடித்துவிட்டு மாடிப்படி ஏறுவார். நான் கிரில் கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு மேலே சொன்னதைச் சொல்வேன். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு அவர் இறங்கிவிடுவார்.

மொட்டை மாடியில் இருந்தது ஒரு நீல டிரம். 200 லிட்டர். அதற்குள் மழைத்தண்ணீர். அதை இன்னொருவர் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பதா என்று எனக்கு ஒரு வீம்பு. அதோடு, அந்த மருந்தை என் தண்ணீரில் ஊற்றிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பொய்.

அந்த வருஷத்துக் கோடையைச் சென்னையில் கழித்தவர்களுக்கு இந்த வீம்பு கொஞ்சம் புரியும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் தரை தெரியக் கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்தது. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு போர், மே மாதமே தண்ணீருக்குப் பதில் காற்றை ஊத ஆரம்பித்துவிட்டது. லாரிக்குப் பணம் கட்டிவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹாரன் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்போம். மாடியில் என்னிடம் நாற்பது செடித் தொட்டிகள். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் என்று பிச்சை எடுத்துப் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. மூன்று வருஷத்துக் கறிவேப்பிலைச் செடி ஒன்று கண்ணெதிரே விறகாயிற்று. அந்த ஆத்திரத்தில் வாங்கியதுதான் டிரம்.

2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தபோது எல்லோரையும் போல நாங்களும் காம்பவுண்டு ஓரத்தில் குழி வெட்டி ஜல்லியும் மணலும் போட்டோம். ஆனால் குழிக்குள் போகிற தண்ணீர் ஊர்ப்பொது. டிரம்மில் நிற்பது என்னுடையது. அந்த ‘என்னுடையது’ தந்த கிறக்கம் கொஞ்சநஞ்சமில்லை. கணக்கும் சாதகமாகவே இருந்தது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். படிக்கட்டு அறைப் பக்கம் சரிவாக இருக்கும் தளம் எப்படியும் 28 சதுர மீட்டர் தேறும். ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 280 லிட்டர். டிரம் நிரம்பி வழியும்.

பழைய டிரம் கடையில், “முன்னாடி இதுல என்ன இருந்துது?” என்று கேட்கும் அளவுக்கு விவரம் இருந்தது. “ஷாம்பு சார்” என்றார். உண்மைதான், நாலு தடவை அலசியும் நுரை நிற்கவில்லை. கேட்டால் விழிக்கிற கடைக்காரரிடமும், திறந்து முகர்ந்தால் மூக்கு எரிகிற டிரம்மிலும் கை வைக்கக் கூடாது. ஆசிட், பூச்சிமருந்து, பெயின்ட் என்று எது வேண்டுமானாலும் அதில் வந்திருக்கலாம், பிளாஸ்டிக் அதைக் குடித்துவைத்திருக்கும்.

பிளம்பர் வந்து டிரம்மின் மேல்தட்டை அறுத்து எடுத்தார். பக்கவாட்டில் துளை போட்டு, ரப்பர் வாஷரோடு டேங்க் நிப்பிளை மாட்டி, டெஃப்லான் டேப் சுற்றிக் குழாய் திருகினார். அடியிலிருந்து நாலு அங்குலம் உயரத்தில் குழாய். “அடியில வண்டல் தங்கும் சார், குழாய்ல வரக்கூடாதில்ல” என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. மேலே நிரம்பி வழிய ஒரு முக்கால் அங்குல ஓவர்ஃப்ளோ பைப். வாயில் நைலான் கொசுவலையை விரித்து, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இழுத்துப் பூட்டினேன். செப்டம்பரில் நல்ல மழை. முதல் முறை குழாயைத் திறந்து பூவாளியில் பிடித்தபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஏங்க, தண்ணிதானே” என்றாள்.

அந்த அமைப்பில் மூன்று ஓட்டைகள் இருந்தன. மூன்றும் எனக்குத் தெரியவில்லை. தினமும் அதன் முன்னால்தான் நின்றேன்.

பக்கத்து வீட்டு வாதாமரம் எங்கள் மாடியில் பாதி சாயும். அதன் இலை ஒன்று ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. நாலு இலை விழுந்து நனைந்தால் வலை தொய்ந்து தண்ணீரைத் தொடும். அது முதல் ஓட்டை. வலையில் இல்லை, வலையின் மேல். தொய்ந்த குழியில் தேங்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொசுவுக்குப் போதும். இரண்டாவது, ஓவர்ஃப்ளோ பைப். வாயைப் பூட்டிய புத்திசாலிக்குக் காதைப் பூட்டத் தோன்றவில்லை; கட்டைவிரல் நுழையும் பைப் சும்மா திறந்து கிடந்தது. மூன்றாவது, அந்த நாலு அங்குலம். குழாயில் சொட்டு நின்றதும் டிரம் காலி என்று நினைத்துக்கொள்வேன். உள்ளே எப்போதும் 25 லிட்டர் நின்றது. வெளிச்சம் படாமல், அசையாமல், வாதா இலை ஊறிய தேநீர் நிறத்தில்.

தீபாவளி அந்த வருஷம் அக்டோபர் 27. மூன்றாம் நாள் கீழ்வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல். ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். மாடிக்கு வந்து வெண்டைக்காய் பறித்துத் தருவதில் அவனுக்கு அப்படியொரு ஆர்வம். முதலில் பட்டாசுப் புகை என்றார்கள், பிறகு வைரல் ஃபீவர் என்றார்கள், பிறகு ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிளேட்லெட் எண்ணிக்கை இறங்குவதைப் பங்குச்சந்தை பார்ப்பது போல ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் காலையில் அவன் அம்மா மேலே வந்தார். “சார், உங்ககிட்ட பப்பாளி இருக்கில்ல? நாலு இலை கிள்ளிக்கட்டுமா? சாறு எடுத்துக் குடுக்கச் சொல்றாங்க.”

பப்பாளி நின்றது டிரம்முக்குப் பக்கத்தில். டிரம் தண்ணீரிலேயே வளர்ந்தது. அவர் தண்டோடு இலையை முறிக்கும்போது பால் வடிந்து டிரம்மின் விளிம்பில் சொட்டியது. அதைத் துடைக்கப் போனவன் வலையின் ஓரத்தைத் தூக்கிவிட்டேன். தண்ணீர் மட்டத்தில் எள்ளை வாரி இறைத்தது போல இருந்தது. என் தலையின் நிழல் விழுந்ததும் அத்தனை எள்ளும் ஒரே நொடியில் நெளிந்து நெளிந்து கீழே போயிற்று. வலையை மூடினேன். “இன்னும் ரெண்டு இலை எடுத்துக்கோங்கம்மா” என்றேன்.

வேறு எதுவும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் எழுதுவதற்குக் கஷ்டமான வரி அதுதான்.

அவனைக் கடித்தது என் டிரம்மில் பிறந்த கொசுதான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. தெருமுனையில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியின் லிஃப்ட் குழியாக இருக்கலாம், அவன் பள்ளிக்கூடமாக இருக்கலாம். அன்று ராத்திரி இதையெல்லாம் எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடிப் பார்த்தேன். ஆனால் ஏடிஸ் கொசு வெகுதூரம் பறக்கிற ஜாதி இல்லை. பிறந்த இடத்தைச் சுற்றி நூறு, இருநூறு மீட்டருக்குள் அதன் வாழ்க்கை முடிந்துவிடும். பகலில் கடிக்கும். பையன் மாடிக்கு வருவது பள்ளிக்கூடம் விட்டு வந்த சாயங்காலங்களில்.

பதினோரு மணிக்கு மேல், தெரு அடங்கியபின், டிரம்மைச் சாய்த்துக் கொட்டினேன். பகலில் கொட்டினால் யாராவது பார்ப்பார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 200 கிலோவைச் சாய்க்க முடியாது, முதலில் குழாயில் விட்டு, மிச்சத்தை மக்கில் மொண்டு, கடைசியில்தான் உருட்டினேன். கொட்டிய இடமெல்லாம் அழுகின முட்டை நாற்றம். இலைகள் காற்றில்லாமல் அடியில் மக்கினால் வருகிற நாற்றம் அது. குழாய்த் தண்ணீர் விட்டு ஒருமுறை அலசி, கவிழ்த்து வைத்துவிட்டு, பெரிய பாவத்தைக் கழுவிவிட்ட நிம்மதியோடு படுத்தேன்.

பையன் பத்து நாளில் வீடு திரும்பினான். இளைத்துப் போயிருந்தான். நவம்பர் கடைசியில் நல்ல மழை. டிரம்மை நிமிர்த்தி வைத்தேன், நிரம்பியது. இந்த முறை வலையை இரட்டையாக மடித்து, தொய்யாமல் நடுவில் குறுக்கே ஒரு மூங்கில் குச்சி கொடுத்து, ஓவர்ஃப்ளோ வாயிலும் வலைத்துண்டைக் கட்டியிருந்தேன். ஒரு கொசுவும் உள்ளே போக வழியில்லை. நாலாம் நாள் வலையைத் தூக்கினால் மறுபடியும் எள்.

பூட்டிய வீட்டுக்குள் திருடன் வந்த மாதிரி இருந்தது. அந்த வாரம் பணியாளர் வந்தபோது கிரில் கதவைத் திறந்து, “அம்மா, கொஞ்சம் மேல வாங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்று முறை கேட்ட வாக்கியம் அவருக்கு மறந்திருக்காது. ஆனால் எதுவும் கேட்கவில்லை. அந்த மரியாதைக்கு நான் தகுதியானவன் இல்லை.

டிரம் அருகே போனதும், “நிழல் விழாம இந்தப் பக்கம் நில்லுங்க சார்” என்றார். கரண்டியைச் சாய்த்து மெதுவாக மொண்டு, வெயிலில் காட்டினார். பிறந்து ஓரிரு நாளே ஆன பொடிப் புழுக்கள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாலிலுள்ள குழாயால் மூச்சு விட்டன.

“எல்லாத்தையும் மூடிட்டேனே, எப்படிம்மா?”

“கொட்டினீங்களா, தேச்சீங்களா?”

“கொட்டி அலசினேன்.”

அவர் டார்ச்சை உள்சுவரில் படுக்கவாட்டில் அடித்தார். தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரற்கடை மேலே, பழைய தண்ணீர்க் கோடு ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அதை ஒட்டிக் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ. நான் பாசி என்று நினைத்திருந்தேன். நகத்தால் சுரண்டி எடுத்து விரல் நுனியில் வைத்துக் காட்டினார். கடுகைப் பத்தாக உடைத்த மாதிரி.

“இது முட்டை. இந்தக் கொசு தண்ணியில முட்டை போடாது சார், தண்ணிக்கு மேல ஈரமா இருக்கிற சுவத்துல ஒட்டிட்டுப் போயிடும். காஞ்சாலும் சாகாது. மாசக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்கும். மறுபடி தண்ணி ஏறி நனைஞ்சா பொரிஞ்சிடும். வெறும தண்ணியக் கொட்டினா போதாது. நார் போட்டுத் தேய்க்கணும்.”

கொசுவின் வாழ்க்கைச் சுற்றைப் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கியவன் நான். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு. முட்டை தண்ணீரில் மிதப்பதாகத்தான் வரைந்தேன். வேறு கொசுக்களுக்கு அது சரி. ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை சுவரில் ஒட்டிவிட்டுப் போகிற ஒருத்தியைப் பற்றி, ஐம்பத்தாறு வயதில், ஒரு கரண்டியும் டார்ச்சும் வைத்திருந்தவரிடம் தெரிந்துகொண்டேன். அந்த ராத்திரி நான் கழுவியது தண்ணீரை மட்டும். புழுக்களைக் கொன்றேன், அவற்றின் தம்பி தங்கைகளைப் பத்திரமாகக் கவிழ்த்துக் காயவைத்து, அடுத்த மழைக்குச் சேமித்து வைத்திருந்தேன்.

அதன்பிறகு நான் செய்து பார்த்த கோமாளித்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். வேப்பெண்ணெய் ஊற்றினேன், மேலே படலமாக நின்று, பூவாளியின் துளைகளை அடைத்து, கீரையெல்லாம் எண்ணெய் தடவிய தலை மாதிரி ஆயிற்று. மீன் கடையிலிருந்து பன்னிரண்டு கப்பி வாங்கி விட்டேன். புழுக்களை ஒரே நாளில் தின்று தீர்த்தன, அதில் குறையில்லை. ஆனால் மாடி வெயிலில் நிற்கிற 200 லிட்டர் டிரம் கிணறு இல்லை. சித்திரையில் தண்ணீரும் குறைந்து சூடும் ஏறி, ஒரு மத்தியானம் பன்னிரண்டும் மிதந்தன. பிளீச்சிங் பவுடரைக் குழைத்து உள்சுவரில் பூசிவிட்டு, சரியாகப் பூசியிருக்கிறேனா என்று டிரம்முக்குள் தலையை விட்டேன். அரைமணி நேரம் இருமினேன். கழிவறைக்கு வைத்திருந்த ஆசிட்டையும் கொஞ்சம் சேர்த்தால் பளிச்சென்று ஆகுமே என்று கை போனபோது மனைவி பாட்டிலைப் பிடுங்கினாள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு.

இப்போது செய்வது சாதாரணம். வெள்ளிக்கிழமை காலை, காபிக்கு முன்னால், வலையை எடுத்துத் தட்டி இலையை உதறுவேன். தேங்காய் நாரை ஒரு கம்பு நுனியில் கட்டிவைத்திருக்கிறேன். இருக்கிற தண்ணீரைச் செடிகளுக்கு வடித்துவிட்டு, தண்ணீர்க் கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றித் தேய்ப்பேன். முட்டை புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். வாரத்தைத் தவறவிடாவிட்டால் அதற்குப் பறக்க நேரம் கிடைக்காது. டிரம்முக்கு வெளியே கறுப்புச் சாக்கு சுற்றிவிட்டேன். வெளிச்சம் போகாவிட்டால் பாசி பிடிப்பதில்லை. பிளம்பரைத் திரும்பக் கூப்பிட்டு அடிமட்டத்தில் இன்னொரு துளை போட்டுத் திருகு மூடி வைத்தாயிற்று. அந்த 25 லிட்டருக்கு இப்போது வழி இருக்கிறது. அதிலிருந்து வருகிற கறுப்பு வண்டலை வாழைக்கு ஊற்றுகிறேன். வாழை மறுப்பு சொல்வதில்லை.

வருஷத்தில் இரண்டு முறை முழுக் கழுவல். சித்திரையில் ஒன்று, கழுவிக் காயவைத்துக் கவிழ்த்துவிடுவது. புரட்டாசியில் ஒன்று, மழைக்கு முன்னால். அப்போது மட்டும் பிளீச்சிங் பவுடர், மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு. அலசிய தண்ணீர் செடிக்கு இல்லை, சாக்கடைக்கு. சீசனின் முதல் மழையைப் பிடிப்பதில்லை. ஆறு மாசத்துக் காக்கை எச்சமும் புழுதியும் பட்டாசுக் குப்பையும் அந்த மழையில்தான் இறங்கும். டவுன் பைப்பைத் திருப்பிவிட்டுத் தளம் வெளுக்கும்வரை ஓடவிடுவேன். அப்படியும் இது குடிக்கிற தண்ணீர் இல்லை. கீரைக்கு ஊற்றினாலும் வேரில்தான், இலையில் தெளிப்பதில்லை.

என் பாட்டி ராமநாதபுரத்துப் பக்கம். மழை வந்தால் முற்றத்தில் நாலு கம்பு நட்டு வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, அடியில் அண்டா வைப்பாள். அண்டாவை வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டு, உள்ளும் புறமும் முகம் தெரியத் தேய்ப்பாள். இதைச் சொன்னால் நம் ஆட்கள் உடனே முன்னோர் அறிவு என்று கிளம்பிவிடுவார்கள். பாட்டிக்கு ஏடிஸ் தெரியாது. அண்டா பளபளக்க வேண்டும், அவ்வளவுதான். அதே வீட்டுக் கொல்லையில் மாட்டுத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் கையை விட்டால் புழு நெளியும், நாங்கள் எண்ணி விளையாடியிருக்கிறோம். தேய்த்ததில் கொசு இல்லை, தேய்க்காததில் இருந்தது. அறிவு இருந்தது புளியில்தான்.

கீழ்வீட்டுக்காரர்களிடம் அன்று டிரம்மில் பார்த்ததை இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல நினைத்த நாட்கள் உண்டு. வாடகையை ஏற்றாமல் இரண்டு வருஷம் விட்டேன். நல்ல மனுஷர் என்று தெருவில் சொன்னார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

பையன் இப்போது கல்லூரி. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. என் கை டிரம்மின் அடிவரை எட்டுவதில்லை, தோள்வலி வேறு. போன புரட்டாசியில் கழுவும்போது சத்தம் கேட்டு அவனே மேலே வந்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, படுக்கப்போட்ட டிரம்முக்குள் இடுப்புவரை நுழைந்து நாரால் வறட் வறட்டென்று தேய்த்தான். பத்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

“அங்கிள், முடிஞ்சுது. உள்ள ஒண்ணும் இல்ல.”

டார்ச்சை எடுத்து அவன் கால் பக்கமாக உள்ளே நீட்டினேன்.

“சுவத்தோட ஒட்டி, படுக்கவாட்டில அடிச்சுப் பாருப்பா.”